கடற்கரையிற் கிடைத்த செப்புக்காசு: வெசல் தீவு நாணயங்களும் வரலாற்றுச் சான்றும்

இரண்டாம் உலக யுத்தத்தின் பிற்பகுதியில், 1944ஆம் ஆண்டில், அவுஸ்திரேலியாவின் வடகரைக்கு அப்பாலுள்ள வெசல் தீவுகளுள் ஒன்றான மார்ச்சின்பாரில் அந்நாட்டு வான்படையின் றேடார் நிலையமொன்று இயங்கிவந்தது. அங்கு கடமையாற்றிய படைவீரர் ஒருவர் ஓய்வு நேரத்தில் மீன்பிடிக்கச் சென்றவிடத்துக் கடற்கரை மணலில் ஒன்பது காசுகளைக் கண்டெடுத்தார். அவற்றை ஒரு தகரப் பேணியில் இட்டுவைத்தார். கண்டெடுத்த இடத்தை வரைபடமொன்றிற் குறித்தும் வைத்திருந்தார். முப்பத்தைந்து ஆண்டுகள் அக்காசுகளைப் பற்றி எவரும் ஆராயவில்லை. 1979இல் அவை அரும்பொருட் காட்சியகத்தாரின் பார்வைக்குச் சென்ற பின்னரே அவை யாவை என்பது தெரியவந்தது. ஒன்பதில் நான்கு, ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி வெளியிட்ட 'டொய்ற்' எனும் செப்புக்காசுகள். எஞ்சிய ஐந்தும் ஆபிரிக்காவின் கீழைக்கரையில், இன்றைய தான்சானியாவைச் சேர்ந்த கில்வா தீவின் சுல்தான்கள் வெளியிட்டவை.

ஒல்லாந்தக் காசுகள் எவருக்கும் வியப்பளிக்கவில்லை. சாவகம் முதலான தீவுகளில் இரு நூற்றாண்டுகளாக உலவிய சில்லறை அது. கில்வாக் காசுகளே சிக்கலைத் தோற்றுவித்தன. கில்வாவும் வெசல் தீவுகளும் ஏறத்தாழ ஒரே அகலக்கோட்டில், இந்து சமுத்திரத்தின் இரு எல்லைகளில் அமைந்தவை. இடைத்தூரம் 10,000 கிலோமீற்றருக்கு மேற்பட்டது. கில்வாவின் செப்புக்காசுகள் கீழை ஆபிரிக்கக் கரையை விட்டு அதிகம் வெளியேறியனவும் அல்ல. பெரிய சிம்பாப்வே இடிபாடுகளில் ஒன்றும் ஓமானில் ஒன்றும் கிடைத்தமை அறிஞரிடையே தனித்துப் பேசப்படும் செய்தியாயிருந்ததென்றால் நிலைமையை உணரலாம். அத்தகைய காசுகளுள் ஐந்து, காசென்னும் பொருளையே வழங்கியிராத மக்கள் வாழ்ந்த கரையொன்றில் எவ்வாறு வந்து கிடந்தன?

இவ்வினா நியாயமானது. ஆயின் இது பொதுமக்களின் முன் வைக்கப்பட்ட விதம் வேறு. 2013இல் மானிடவியலாளர் இயன் மக்கின்ரொஷ் தலைமையில் ஆய்வுக்குழுவொன்று யொல்ங்கு மக்களின் பங்குபற்றுதலுடன் மார்ச்சின்பாருக்குச் சென்றபோதும், 2018இல் எல்கோ தீவின் கடற்கரையில் தொல்லியலாளர் மைக் ஹேர்ம்ஸ் தேய்ந்த செப்புக்காசொன்றைக் கண்டெடுத்து அதுவும் கில்வாவினதாகலாம் என்ற ஐயம் எழுந்தபோதும், செய்தித்தாள்கள் ஒரே கேள்வியையே வெவ்வேறு சொற்களில் எழுப்பின: அவுஸ்திரேலியாவை முதலிற் கண்டவர் யார்? ஜேம்ஸ் குக் 1770இல் வந்தார். அவருக்கு முன்னர் 1606இல் ஒல்லாந்தரான வில்லெம் யான்சூன் வந்தார். அவருக்கும் முன்னர் போத்துக்கேயரா, அராபியரா, ஆபிரிக்கரா? பந்தயத்தில் ஓடுவோரின் பெயர்கள் மாறினவேயன்றிப் பந்தயம் மாறவில்லை. பல்லாயிரம் ஆண்டுகளாக அந்நிலத்தில் வாழ்ந்துவரும் மக்கள் இப்பந்தயத்தில் ஓடுவோராகவும் எண்ணப்படவில்லை. ஓடுகளத்தின் மண்ணாகவே எண்ணப்பட்டனர். எமது கட்டுரை இக்கேள்விக்கு விடை காண முயல்வதன்று. ஒரு செப்புக்காசு எதற்குச் சான்றாகும், எதற்குச் சான்றாகாது என்பதையும், உலோகம் வெளிப்படும் வரை வேறு சான்றுகள் ஏன் செவிமடுக்கப்படவில்லை என்பதையுமே நாம் இங்கு நோக்க விரும்புகிறோம்.

முதலில் காசைப் பார்ப்போம். கில்வாவின் செல்வம் இடைத்தரகு வாணிபத்தில் விளைந்தது. உள்நாட்டு மேட்டுநிலத்திலிருந்து சொபாலாத் துறை வழியாக வந்த பொன்னும், யானைத் தந்தமும் ஒருபுறம். கூர்ச்சரத்துத் துணிகளும் மணிகளும் சீனப் பீங்கானும் மறுபுறம். 1331இல் அங்கு சென்ற இபுன் பத்தூதா அந்நகரை வியந்து எழுதினார். பள்ளிவாசல்களும் மாளிகைகளும் பவளக்கல்லாற் கட்டப்பட்டிருந்தன. அச்செழிப்பின் அன்றாடச் சில்லறையே இச்செப்புக்காசு. அதன் பொறிப்பு இலக்கிய மாணாக்கரின் கவனத்துக்குரியது. முன்புறத்தில் இறைவனைப் போற்றும் அரபுத் தொடர் ஒன்றும் பின்புறத்தில் சுல்தானின் பெயரும் அமைய, இரண்டும் இயைபுத் தொடை பெற்று ஒலிக்கும். காசைப் புரட்டினால் ஈரடிச் செய்யுள் நிறைவுறும்! ஆனால் வரலாற்று மாணாக்கர் தேடுவது அதிலில்லை, ஆண்டு பொறிக்கப்படவில்லை. சுல்தான்களின் பெயர்களையும் வரலாற்றுக் குறிப்புகளையும் ஒப்புநோக்கியே காலம் கணிக்க வேண்டியுள்ளது. கில்வாக் காசுகள் 14ஆம் நூற்றாண்டையும் அதற்கு முற்பட்ட நூற்றாண்டுகளையும் சார்ந்தவை எனப் பொதுவாகக் கொள்வர்.

இங்குதான் பலர் வழிதவறுகின்றனர். காசு 14ஆம் நூற்றாண்டினது என்பதால், அது கரையேறியதும் 14ஆம் நூற்றாண்டில் என்று கொள்கின்றனர். காசு வார்க்கப்பட்ட காலம் வேறு. கைமாறிய காலம் வேறு. கைதவறிய காலம் வேறு. ஒன்பது காசுகளும் ஒரே கையிலிருந்து ஒரே வேளையில் வீழ்ந்தவையாயின், அவ்வீழ்ச்சியின் காலத்தை நிர்ணயிப்பது அவற்றுள் மூத்த காசு அன்று, இளைய காசேயாகும். ஒல்லாந்தக் காசுகளோ 17ஆம் நூற்றாண்டின் இறுதி தொட்டு 18ஆம் நூற்றாண்டு வரையானவை. அவ்வாறன்றி அவை வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு கைகளிலிருந்து வீழ்ந்தவையாயின், அதை உறுதிப்படுத்த மண்ணடுக்கு வேண்டும். கடற்கரை மணலில் அடுக்கு ஏது? சூறாவளி ஒன்று வந்தால் நூறாண்டு மணல் ஒரே இரவில் இடம் மாறும். பேணிக்குள் விழுந்த கணத்திலேயே அக்காசுகள் தமது சூழலின் பெரும்பகுதியை இழந்துவிட்டன.

இவ்விடத்து உலோகங்காட்டி பற்றியும் சில சொற்கள் கூறுவது பொருந்தும். உலகின் கடற்கரைகள் பலவற்றில் இன்று இக்கருவியைத் தாங்கியவாறு மணலை அளந்து திரிவோரைக் காணலாம். கம்பிச் சுருளொன்றில் மாறுமின்னோட்டம் பாய்ச்சப்படுகிறது. அதனால் எழும் காந்தப்புலம் நிலத்தடியிலுள்ள உலோகத்தில் மின்சுழல்களைத் தூண்டுகிறது. அச்சுழல்களின் எதிர்விளைவு காதில் ஒலியாக விழுகிறது. 1881இல் அமெரிக்க சனாதிபதி கார்பீல்ட் சுடப்பட்டபோது அவரது உடலிலிருந்த குண்டைத் தேடுவதற்கு அலெக்சாந்தர் கிரகம் பெல் இத்தகைய கருவியொன்றைப் பயன்படுத்தித் தோல்வி கண்டார். கையிற் கொண்டு திரியக்கூடிய வடிவமொன்றை இரண்டாம் உலக யுத்தத்தின்போது போலந்துப் படைப் பொறியியலாளர் யோசெவ் கொசாத்ஸ்கி உருவாக்கினார். அது காசு தேடுவதற்கன்று, கண்ணிவெடி தேடுவதற்கு. எமது வடபுலத்து மக்கள் பலருக்கு இக்கருவி மிதிவெடி அகற்றுவோரின் கையிலேயே அறிமுகமாயிற்று என்பதை நினைக்கும்போது, அதனைப் பொழுதுபோக்கு என்று கூற எமக்கு நா எழுவதில்லை. அது நிற்க. கருவிக்கு ஒரு குணம் உண்டு. அது உலோகத்தை மட்டுமே கேட்கும். கயிறு, மரம், பாய், அரிசி, சொல், பாட்டு எதுவும் அதற்கு ஒலிப்பதில்லை. கருவிக்கு இது குறையன்று. வரலாற்றாசிரியன் கருவியின் காதைத் தனது காதாக்கிக்கொள்வதே குறை.

நாணயம் என்பது உலோகத்துண்டன்று. அது ஒரு சமூக உறவு. 'மூலதனம்' முதற்பாகத்தில் (1867) பணத்தைப் பற்றி ஆராயும் மார்க்ஸ், உள்நாட்டில் அரச முத்திரை தாங்கி உலவும் நாணயம் உலகச் சந்தைக்குட் புகும்போது அம்முத்திரையைக் களைந்துவிட்டு, நிறுத்தெடுக்கப்படும் பொன்னாகவும் வெள்ளியாகவும் மட்டுமே ஏற்கப்படுகிறது என்பதை விளக்கினார். இதனை எமது சிக்கலுடன் பொருத்திப் பார்ப்போம். பொன்னும் வெள்ளியும் முத்திரை இழந்த பின்னரும் பெறுமதி உடையவை. செப்புச் சில்லறையோ முத்திரையினாலேயே வாழ்வது. கில்வாவின் சந்தையில் அக்காசைக் கொடுத்து ஏதேனும் வாங்கலாம். சுல்தானின் பெயர் செல்லாத துறையில் அது ஒரு சிறு செம்புத் தகடு. ஒல்லாந்த டொய்ற்றும் அத்தகையதே: கில்டர் ஒன்றுக்கு 160 டொய்ற். ஆகவே கில்வாக் காசு இந்து சமுத்திரத்தைக் கடந்து வந்தது பணமாக அன்று. பழம்பொருளாகவோ, தாயத்தாகவோ, வலைக்குக் கட்டும் பாரமாகவோ, மாலுமி ஒருவனின் மடியில் மறந்து கிடந்த நினைவுப் பொருளாகவோ அது வந்திருக்கலாம். இவற்றுள் எது என்பதைக் காசு சொல்லாது. ஆனால் கில்வா வணிகர் ஆர்னம் லாண்ட் மக்களுடன் நேரடி வாணிபம் நடத்தினர் என்னும் முடிவுக்கு இச்செப்புக்காசு சான்றாக மாட்டாது என்பதை அதன் உலோகமே சொல்லிவிடுகிறது.

எவர் கொண்டுவந்தனர் என்பது குறித்து இரு கருத்துகள் சிறப்பாக நோக்கத்தக்கன. 1505இல் பிரான்சிஸ்கோ த அல்மெய்தாவின் போத்துக்கேயப் படை கில்வாவைக் கொள்ளையிட்டது. அக்கொள்ளையின் சிதறல்கள் கோவைக்கும் மலாக்காவுக்கும் சென்று, அங்கிருந்து கீழைத் தீவுகளை அடைந்திருக்கலாம் என்பது ஒன்று. 1780களில் முதலலையாக வந்த மக்காசார் கடலோடிகள் கொண்டுவந்திருக்கலாம் என்பது மற்றையது. மக்கின்ரொஷ் பின்னர் இக்கருத்தையே பெரிதும் சார்ந்தார். இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல என்பதே எமது எண்ணம். சுலவேசித் தீவின் மக்காசார், 1667 முதல் 1669 வரையான காலப்பகுதியில் ஒல்லாந்தர் அதனை அடக்கும் வரை, மலாயரும் கூர்ச்சரரும் போத்துக்கேயரும் சீனரும் கூடிய பெருந்துறையாக விளங்கியது. 1641இல் மலாக்கா ஒல்லாந்தர் வசமானபின் போத்துக்கேயர் பலர் குடிபெயர்ந்ததும் அங்குதான். கில்வாவிற் கொள்ளையிடப்பட்ட செம்பு அத்துறையில் இரு நூற்றாண்டுகள் கைமாறிக் கிடந்து, பின் மீனவனொருவனின் மடியேறிச் சென்றது எனக் கொள்வதில் இடர்ப்பாடு எதுவுமில்லை. நிறுவப்பட்டதென்று நாம் கூறவில்லை. அறியப்பட்ட எல்லாச் சான்றுகளோடும் முரண்படாத விளக்கம் இது என்பதே எமது வாதம்.

அவ்வாறாயின் கேள்வி 'முதலிற் கண்டவர் யார்' என்பதிலிருந்து நகர்ந்து, 'எத்தகைய உழைப்பு இக்கரைகளை இணைத்தது' என்பதாகிறது. இதற்கு விடை ஏராளமாக உண்டு.

1803ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 17ஆம் நாள், அவுஸ்திரேலியாவைச் சுற்றிவந்து கரையை வரைந்துகொண்டிருந்த மத்தியூ பிளிண்டேர்ஸ், வெசல் தீவுகளுக்கு அண்மையில் ஆறு பாய்க்கலங்களைக் கண்டார். கடற்கொள்ளையர் என்றே முதலில் ஐயுற்றார். பின்னர் அவற்றின் தலைவரான பொபாசூவுடன் உரையாட முடிந்தது. அவ்வுரையாடல் இயன்றது பிளிண்டேர்ஸின் கப்பலிற் சமையற்காரனாயிருந்த மலாயன் ஒருவனின் மொழித்துணையால். 60 கலங்களும் ஏறத்தாழ ஆயிரம் ஆட்களும் அக்கரையில் அவ்வேளை இருப்பதாகவும், தாம் கடந்த இருபது ஆண்டுகளில் ஆறேழு முறை வந்துசென்றதாகவும், முதன்முதல் வந்தோருள் தாமும் ஒருவரென்றும் பொபாசூ கூறினார். இவை யாவும் 1814இல் அச்சேறிய பிளிண்டேர்ஸின் நூலிலேயே உள்ளன. ஆயிரம் பேர் ஆண்டுதோறும் வந்துசென்ற கரையை ஆங்கிலேயர் 'கண்டுபிடித்துக்' கொண்டிருந்தனர் என்பதை ஆங்கிலேயரின் நூலே பதிவுசெய்கிறது.

அவர்கள் வந்தது கடலட்டைக்காக. மார்கழியில் வடமேல் பருவக்காற்றோடு புறப்பட்டு வந்து, சித்திரை அளவில் தென்கீழ்க் காற்றோடு திரும்புவர். கரையில் கல்லடுக்கி அடுப்புகள் அமைத்துப் பெரும் இரும்புக் கிடாரங்களில் அட்டையை அவிப்பர்; மணலிற் புதைத்தெடுப்பர்; கண்டல் மரப்பட்டையிட்டு மீண்டும் அவிப்பர்; குடிலமைத்துப் புகையூட்டி உலர்த்துவர். அவ்வடுப்புக் கல்வரிசைகள் இன்றும் பல குடாக்களில் நிற்கின்றன. பண்டம் மக்காசாருக்குச் சென்று அங்கிருந்து சீனத்தின் செல்வர் மனைகளைச் சேரும். உண்பவர் ஒரு கோடியில், அவிப்பவர் மறுகோடியில், முதலிடும் நகர வணிகர் இடையில். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கடலட்டை படும் பாட்டையும், அது எந்நாட்டு உணவு மேசைக்குச் செல்கிறது என்பதையும் அறிந்த எம் வாசகர்க்கு இதன் பொருளாதாரம் விளங்க நெடிய விரிவுரை வேண்டியதில்லை. கம்பெல் மக்நைற் 1976இல் வெளியிட்ட 'மறேகேக்கான கடற்பயணம்' எனும் நூல் இத்தொழிலைப் பற்றிய அடிப்படை ஆய்வு. மறேகே என்பது மக்காசார் மக்கள் ஆர்னம் லாண்டுக்கு இட்ட பெயர்.

யொல்ங்கு மக்கள் இதில் வெறும் பார்வையாளராயிருக்கவில்லை. ஆமையோடும் முத்துச்சிப்பியும் கொடுத்து இரும்புக் கத்தியும் கோடரியும் துணியும் புகையிலையும் அரிசியும் பெற்றனர். சிலர் அட்டை பிடிப்பதில் உழைத்தனர். சிலர் கலமேறி மக்காசார் வரை சென்று மீண்டனர். இவ்வுறவை ஆங்கிலேயரின் நிலப்பறிப்போடு ஒப்பிட்டு, சமத்துவமான பரிவர்த்தனையின் பொற்காலமாகச் சித்திரிக்கும் போக்கு முற்போக்காளர் சிலரிடத்தும் காணப்படுகிறது. நாம் அதை அப்படியே ஏற்பதற்கில்லை. மோதல்களும் கொலைகளும் நேர்ந்தன. எனினும் ஒரு வேறுபாடு அடிப்படையானது: மக்காசார்காரர் பருவக்காற்றோடு திரும்பிச் சென்றனர், நிலம் தமது என்று கூறவில்லை.

இவ்வுறவு விட்டுச்சென்ற சான்றுகளுள் உலோகம் மிகச் சிறியது. மூன்றை மட்டும் குறிப்பிடுவோம்.

முதலாவது மரம். ஆர்னம் லாண்ட் கரையோரத்தில் மக்காசார்காரர் அடுப்பு மூட்டிய இடங்களில் இன்றும் புளியமரங்கள் நிற்கின்றன. அவர்கள் உணவுக்கெனக் கொணர்ந்த புளியின் விதைகள் முளைத்தவை அவை. தொல்லியலாளர் பலர் கரையோரப் புளியமரத்தையே வழிகாட்டியாகக் கொண்டு பழைய அட்டைப்பாடிகளை இனங்கண்டனர். புளியின் வரலாறு நோக்கற்பாலது. தாவரவியலார் அதன் பூர்வீகம் ஆபிரிக்கா என்பர். அங்கிருந்து இந்தியாவுக்கு வந்து எமது சமையலிற் பிரிக்கவொண்ணாததாகி, அராபியரால் 'இந்தியப் பேரீச்சை' எனப் பெயர் பெற்று, கீழைத் தீவுகளுக்குச் சென்று, மறேகே கரையில் முளைத்தது. ஆபிரிக்கக் காசு அவுஸ்திரேலியக் கரையில் கிடந்தது கண்டு வியப்போர், ஆபிரிக்க மரம் அதே கரையில் காய்த்துக் குலுங்குவது கண்டு வியப்பதில்லை. பல கைகள் மாறிப் பல நூற்றாண்டுகள் எடுத்து ஒரு பொருள் இந்து சமுத்திரத்தைக் கடப்பது எங்ஙனம் என்பதை விளக்கக் காசைவிடப் புளியே தகுந்த ஆசான்.

இரண்டாவது ஓவியம். வெலிங்டன் மலைத்தொடரிலுள்ள ஜூலிரி என்னும் பாறை ஒதுக்கிடத்தில் தீவகப் பாய்க்கலமொன்று தீட்டப்பட்டுள்ளது. அதன்மேல் தேன்மெழுகாற் செய்யப்பட்ட பாம்புருவொன்று ஒட்டப்பட்டிருந்தது. 2010இல் வெளியான ஆய்வில் அம்மெழுகு 1664க்கு முற்பட்டது எனக் கரிமக் கணிப்பால் அறியப்பட்டது. மெழுகின் கீழிருக்கும் ஓவியம் அதனினும் பழையதாதல் வேண்டும். பொபாசூ முதன்முதல் வந்தோருள் ஒருவர் என்று தம்மைக் கருதியது தமது நினைவெல்லைக்குட் சரியாகலாம்; ஆனால் தீவகக் கலங்களை யொல்ங்கு நாட்டுக்கு அயலிலுள்ள மக்கள் அவர் காலத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முன்னரே கண்டிருந்தனர். மக்காசார்காரருக்கு முன்னர் 'பாயினி' எனப்பட்டோர் வந்தனர் என்பது யொல்ங்கு வாய்மொழி மரபு. அம்மரபு நேரடி வரலாறா, பிற்கால நினைவுகள் முற்காலத்துக்கு ஏற்றியுரைக்கப்பட்டனவா என்பதில் அறிஞர் ஒருமித்திலர். ஆயினும் ஓவியத்தின் காலம் தெரிந்தபின் அதனைக் கட்டுக்கதையெனத் தள்ளுவது முன்போல் எளிதன்று.

மூன்றாவது சொல். இதுவே எமது துறைக்கு மிக அண்மையானது. யொல்ங்கு மொழிகளில் மக்காசார், மலாய் மொழிகளிலிருந்து புகுந்த சொற்கள் மிகப் பல. வெள்ளையரை 'பலண்டா' என்பர். ஒல்லாந்தர் எனும் பெயர் மக்காசார்காரர் நாவழியே அங்கு சென்றமையின் விளைவு. ஆங்கிலேயர் தரையிறங்கு முன்னரே அவர்களைக் குறிக்கும் சொல் அங்கு தயாராயிருந்தது. மரத்தைக் குடைந்து செய்யும் வள்ளம் 'லிபலிப'. பணம் 'ருபிய'. வடமொழியில் முத்திரை குத்தப்பட்ட வெள்ளியைச் சுட்டி, வட இந்திய ஆட்சியாளரின் நாணயமாகி, எமது நாட்டில் 'ரூபா' என்று வழங்கும் அதே சொல்லே தீவுக்குத் தீவு சென்று யொல்ங்கு நாவிலும் நிலைத்தது. வேலையைக் குறிக்கும் சொல் 'ஜாம'. அதுவும் மக்காசார் மொழியினது. பணத்துக்கும் வேலைக்கும் ஒரே திசையிலிருந்து சொற்கள் வந்தன என்பது எதனை உணர்த்துகிறது? கூலி உழைப்போடு ஒத்ததொரு புதிய உறவு அக்கரையில் அறிமுகமானபோது, அதற்குப் பெயரும் உடன்வந்தது. கில்வாக் காசு பணமாக வரவில்லை என்றோம். பணம் என்ற கருத்து வந்தது. அது சொல்லாக வந்தது.

(டொய்ற் என்பதையும் எமது 'துட்டு' என்பதையும் தொடர்புபடுத்துவோர் உளர். கன்னட, தெலுங்கு வழக்குகளையும் உடன்வைத்து ஆராயாமல் அம்முடிவுக்கு விரைதல் தகாது. ஒலியொப்புமை கண்டு மகிழ்வது எமது ஆய்வுலகின் நெடுநாட் பிணி.)

மரமும் ஓவியமும் சொல்லும் இருக்க, ஐந்து செப்புக்காசுகளின் பொருட்டு 'வரலாறு திருத்தி எழுதப்படும்' என்ற ஆரவாரம் ஏன்? குடியேற்றநாட்டாதிக்கத்தின் சட்டமும் வரலாற்றெழுதியலும் எவற்றைச் சான்றாக ஏற்றன என்பதிலேயே இதற்கு விடையுண்டு. அந்நிலம் எவருக்கும் உரியதன்று என்னும் கோட்பாட்டின் மீதே அவுஸ்திரேலியாவின் நிலவுடைமை கட்டப்பட்டது. வெளியுலகோடு உறவு பூண்டு, பேரம்பேசி, வரைந்து, பெயரிட்டு வாழ்ந்த சமூகம் அங்கு இருந்தது என்பது அக்கோட்பாட்டுக்கு இடையூறு. 1901இல் வெள்ளையரல்லாதோரின் வருகையைத் தடுக்கும் குடிவரவுச் சட்டம் வந்தது. வடபிரதேசத்தை அவ்வேளை நிருவகித்த தென் அவுஸ்திரேலிய அரசு மக்காசார்காரருக்கு அனுமதிப்பத்திரம் வழங்குவதை நிறுத்தியது. 1906-07ஆம் ஆண்டுப் பருவத்தோடு அப்பயணங்கள் முடிவுற்றன. உறவை அறுத்தபின், உறவே இருந்ததில்லை என எழுதுவது எளிது. 1963இல் தமது நிலம் சுரங்கத்துக்குக் கொடுக்கப்படுவதை எதிர்த்து யிர்க்கலா வாழ் யொல்ங்கு மக்கள் மரப்பட்டையில் ஓவியஞ்சூழ எழுதிய விண்ணப்பங்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். 1971இல் நீதிமன்றம் அவர்களது நிலவுரிமையை ஏற்க மறுத்தது. 1992இல் மாபோ வழக்கின் தீர்ப்போடுதான் அக்கோட்பாடு சட்டத்தில் வீழ்ந்தது. இத்தனை காலமும் யொல்ங்கு முதியோர் மக்காசார்காரரின் பெயர்களையும் பாட்டுகளையும் சொல்லிக்கொண்டேயிருந்தனர். சொல்லுக்கு இல்லாத மதிப்பு செம்புக்கு ஒரே நாளிற் கிடைத்தது.

இப்போக்கு நாணயத்தோடு நின்றுவிடவில்லை. மேற்கு அவுஸ்திரேலியாவின் ஷார்க் குடாவில் 2018இல் உலோகங்காட்டியோடு கடற்கரையில் தேடிய இருவர் சிறிய வெண்கலப் புத்தர் உருவமொன்றைக் கண்டெடுத்தனர். அது மிங் வம்சக் காலத்தினது எனக் கருதப்பட்டதும், 15ஆம் நூற்றாண்டுச் சீனக் கப்பற்படை அக்கரையை அடைந்தது என்ற பழைய ஊகம் மீண்டும் தலையெடுத்தது. 19ஆம் நூற்றாண்டில் அதே குடாவின் முத்துச்சிப்பித் தொழிலில் சீனரும் மலாயரும் உழைத்தனர் என்பது தெரிந்த செய்தி. அவர்களுள் ஒருவன் வழிபாட்டுக்கெனத் தன்னுடன் வைத்திருந்த பழைய உருவமாக அது ஏன் இருத்தல் கூடாது? கடற்படைத் தளபதியை எண்ணிப்பார்க்கும் கற்பனை, சிப்பி குளித்த கூலியாளை எண்ணிப்பார்க்க மறுக்கிறது.

பிறரைக் குறை கூறுவதோடு நாம் நிறுத்திக்கொள்ளல் நேர்மையாகாது. 1830களில் நியூசிலாந்தில் மதகுருவும் அச்சாளருமான வில்லியம் கொலென்சோ, மாவோரி மக்கள் கிழங்கு அவிக்கப் பயன்படுத்திய வெண்கலப் பாத்திரமொன்றைக் கண்டார். அது உடைந்த கப்பல் மணியின் மேற்பகுதி. அதிலிருந்த எழுத்து தமிழ். முகைதீன் பக்சு என்பாரின் கப்பலுக்கு உரிய மணி என்பதே அதன் பொருள். பெருங்காற்றில் வீழ்ந்த மரமொன்றின் வேரடியிற் கிடைத்தது என மாவோரி மக்கள் கூறினர். இம்மணியைக் கொண்டு நியூசிலாந்தைத் தமிழரே முதலிற் கண்டனர் என முழங்குவோர் எம்மவரிடையே இன்றும் உளர். அவர்களுட் பெரும்பாலோர் கப்பலுடையார் ஒரு முஸ்லிம் என்பதைக் குரல் தாழ்த்தியே சொல்வர். மணி கடலில் மிதந்த சிதைகலத்தோடு ஒதுங்கியிருக்கலாம், வேறு மாலுமியர் கைமாற்றியிருக்கலாம் என்பவை அவர்களுக்கு உவப்பானவையல்ல. எமது நாட்டிலோ நிலைமை இன்னும் கடுமையானது. கந்தரோடையிலோ வல்லிபுரத்திலோ ஒரு காசு வெளிப்பட்டால், அது எவ்வகை உற்பத்திக்கும் பரிவர்த்தனைக்கும் உரியது என்று கேட்கு முன்னரே, எந்த இனத்தின் காணி உறுதி என்று கேட்கப்படுகிறது. காசு கைமாறுவதற்கென்றே படைக்கப்பட்ட பொருள். அதனை ஓரிடத்து உரிமைக்கு உறுதியாக்க முயல்வது அதன் இயல்புக்கே மாறானது.

கடற்கரை யாருடையது என்பதும் வெறும் உவமைக் கேள்வியன்று. 1976ஆம் ஆண்டின் நிலவுரிமைச் சட்டத்தின் கீழ் ஆர்னம் லாண்டும் வெசல் தீவுகளும் ஆதிக்குடிகளின் நில நம்பிக்கைப் பொறுப்பிற்கு மீண்டன. வற்றுநீர்க் கோடு வரை அந்நிலம் நீள்கிறதா என்பதில் வழக்கெழுந்தது. 2008ஆம் ஆண்டு யூலை 30ஆம் நாள், 'நீலச்சேற்று விரிகுடா' வழக்கில் அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றம், நீள்கிறது என்றே தீர்ப்பளித்தது. அலை ஏறி இறங்கும் அம்மணற்பரப்பில், அதன்மேல் நீர் நிற்கும் வேளையிலும், பிறர் புகுவதை அனுமதிக்கவோ மறுக்கவோ நிலவுரிமையாளருக்கு அதிகாரம் உண்டாயிற்று. உலோகங்காட்டியோடு இன்று அங்கு செல்வோர் முதலில் யொல்ங்கு மக்களிடம் கேட்டே செல்லவேண்டும். 1944இல் எவரும் கேட்கவில்லை. பேணியிற் போன ஒன்பது காசுகளும் சிட்னியில் உள்ளன.